இரண்டாவது கையெழுத்து

1

ஊரிலிருந்து தங்கை பகவதி கடிதம் போட்டிருந்தாள். "நீ டில்லியில் பெரிய சங்கம் நடத்துகிறாயாம், மந்திரிகளையெல்லாம் தெரியுமாம், இங்கே பேச்சாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவள் வீட்டுக்காரரின் அத்தை மகனுக்கு மத்திய அரசில் ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று இன்லண்ட் லெட்டர் வீணானதுதான் மிச்சம். எங்கள் சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது. ஒரு தகரப்பெட்டி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு வங்கிக் கணக்கு, இவ்வளவுதான் சங்கம். பதிவாகி இந்தப் பங்குனியோடு எட்டு வருடம் முடிகிறது. முதல் இரண்டு வருடம் நான் அதன் பொருளாளராக இருந்தேன். பிறகு இல்லை. ஏன் இல்லை என்பதைத் தங்கைக்கு எழுத முடியவில்லை. எழுதினால் சங்கரன்கோவிலில் நாலு தெருவுக்கு அது போய்ச் சேரும் என்ற பயம் ஒரு பக்கம். அவள் என்னை நியாயப்படுத்தி ஒரு பதில் போடுவாள் என்ற பயம் இன்னொரு பக்கம். முகம் தெரியாத உங்களுக்கு எழுதுவது எளிதாக இருக்கிறது.

2

நானும் என் கணவர் சுப்பையாவும் எழுபதுகளின் தொடக்கத்தில் டில்லிக்கு வந்தோம். அவர் ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. நான் தணிக்கைப் பிரிவில் எழுத்தர். லக்ஷ்மிபாய் நகரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மகள் உமா அங்கே வந்த பிறகு பிறந்தவள்.

முதல் வயது முடிவதற்குள் அவளுக்கு இரண்டு முறை நிமோனியா. காதில் சீழ் வராத மாதம் கிடையாது. மதராஸிகளுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். லீவில் ஊருக்குப் போனால், டில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ரயிலில் இருக்கும் இரண்டு நாளிலும் அவளுக்குக் காய்ச்சல்தான்.

நாலு வயதில், மூன்றாவது நிமோனியாவின்போது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் அவளுடைய பழைய சீட்டுகளையெல்லாம் மேஜைமேல் பரப்பிவைத்துப் படித்தார். பிறகு, "உங்கள் குடும்பத்தில் சின்ன வயதிலேயே இறந்த குழந்தைகள் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். திரும்பிவரும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன்கள் இருவர் காய்ச்சலில் போனவர்கள். ஒருவனுக்கு இரண்டு வயது, மற்றவனுக்கு மூன்று. அம்மா அவர்கள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சொன்னேன். குறித்துக்கொண்டார். "இதே நோயாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

கிருமிகளை எதிர்க்க இரத்தத்தில் இருக்க வேண்டிய காமா குளோபுலின் என்ற புரதம் உமாவுக்குப் பிறவியிலிருந்தே போதவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதை ஊசியாகப் போட வேண்டும். எத்தனை நாள் போட வேண்டும் என்று கேட்டேன். "உயிரோடு இருக்கும்வரை" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறைய வருடம் இருப்பாள் என்ற அர்த்தத்தில் சொன்னேன்" என்றார்.

அந்த மருந்து விளக்கெண்ணெய் போலக் கெட்டியானது. தொடையில் ஏற்றும்போது இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சரக்கு. ஒரு தடவைக்கு என் சம்பளத்தில் பாதி போயிற்று. "அம்மா, இன்னிக்கு ஊசி லகாப்பாங்களா?" என்று உமா கேட்பாள். பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக அவள் பேசுவதைத் திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஊசி நாளில் எப்படித் திருத்துவது என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டுவிட்ட நாட்கள் சேர்ந்துதான் இன்று அவள் தமிழில் ஒரு வரி எழுதத் தெரியாதவளாக இருக்கிறாள்.

3

டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே முகங்கள் அதில் வந்து உட்காரும். பிம்லா ஜி அங்கேதான் பழக்கமானார். பள்ளிக்கூட ஆசிரியை. மூத்த மகனை இந்த நோய்க்குக் கொடுத்துவிட்டு, இளையவனையாவது காப்பாற்றவேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். ஒன்றாகச் சேர்ந்து வாங்கினால் மருந்து மலிவாகக் கிடைக்கும், வாங்க முடியாதவர்களுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்.

எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தோம். சட்டதிட்டங்களை எழுதும் வேலையை என்னிடம் விட்டார்கள். அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. ஓட்டையே இல்லாத விதிகளை எழுதிவிடலாம் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஊசி நாள் யாருக்கு முதலில் வருகிறதோ அந்த வரிசைப்படி மருந்து கொடுக்கப்படும். யாருக்காகவும் வரிசை மாறாது. எந்தக் காசோலையிலும் பிம்லா ஜி, நான் என்று இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் செல்லாது.

பதிவு செய்யப் போன இடத்தில், இது என்ன வியாதி என்று கேட்ட எழுத்தருக்கு நான் என் ஹிந்தியில் விளக்கினேன். எதிர்ப்புச் சக்திக்கு வார்த்தை கிடைக்காமல், "மேரீ பேட்டீ கே கூன் மே சிபாஹி நஹீ ஹை" என்றேன். என் மகளின் இரத்தத்தில் சிப்பாய்கள் இல்லை. அவர் மரியாதையாக எழுந்து நின்று, ஜவான்களின் குடும்பத்துக்கு அடுத்த கட்டடம் என்று வழிகாட்டினார். பிம்லா ஜி சிரித்து முடித்து விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆயிற்று.

மாதச் சந்தா ஐந்து ரூபாய். தீபாவளிக்கு மெழுகுவர்த்தி விற்றோம். நான் தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் இட்லிப்பொடி விற்றேன். ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி ஒருவர் நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீது வந்ததா என்று தன் மனைவியை மூன்று முறை கேட்டார்.

எட்டுப் பேரில் கடைசியாகச் சேர்ந்தவள் செல்லம்மாள். கள்ளக்குறிச்சிப் பக்கம். புருஷன் கொத்தனார். அப்போது டில்லியில் ஸ்டேடியம் கட்டும் வேலைகள் மும்முரமாக நடந்தன. அவள் அங்கே கலவை சுமந்துகொண்டிருந்தாள். முனிர்காவில் ஓர் அறையில் இருந்தார்கள். மகன் குமாருக்கு நாலு வயது. ஐந்து ரூபாய்ச் சந்தாவை மாதம் தவறாமல் எட்டணாவும் நாலணாவுமாகக் கொண்டுவந்து கொடுப்பாள். கூட்டத்தில் பேசுவதெல்லாம் ஹிந்தி என்பதால் என் பக்கத்தில் உட்காருவாள். நான் அவளுக்குத் தமிழில் சொல்வேன். அவள் சொல்வதை மற்றவர்களுக்கு ஹிந்தியில் சொல்வேன்.

4

இரண்டாம் வருடக் கோடையில் பிம்லா ஜியின் உறவுப்பெண், இங்கிலாந்தில் நர்ஸாக இருப்பவள், முப்பது குப்பி மருந்தை இலவசமாக வாங்கி விமானத்தில் அனுப்பிவைத்தாள். இலவசம் என்றால் சுங்கவரி இருக்காது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். விமான நிலையச் சரக்குக் கிடங்குக்குப் போனபோதுதான் தெரிந்தது, உயிர்காக்கும் மருந்து என்று ஒரு சான்றிதழ் வந்தால்தான் வரி கிடையாது. சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் போயிருந்தார். அடுத்த வாரம் வருவார் என்றார்கள்.

அந்த மருந்து குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். டில்லியில் ஜூன் மாதம். கிடங்கில் ஃப்ரிட்ஜ் இல்லை. பெட்டிக்குள் வைத்து அனுப்பிய ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

பிம்லா ஜி அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஜலந்தர் போயிருந்தார். டிரங்க்கால் போட்டேன், கிடைக்கவில்லை. தந்திக்குப் பதில் இல்லை. தினமும் மத்தியானம் அலுவலகத்திலிருந்து அரைநாள் லீவில் கிளம்பி, ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போவேன். போய்ச் சேர்வதற்குள் புடவை நனைந்திருக்கும். கிடங்குக் காவலர் ஒரு வயதான சர்தார்ஜி. பெட்டியைத் திறக்க விடமாட்டார். சுற்றிலும் ஐஸ் வைத்துக்கொள்ள மட்டும் விடுவார். நாலாம் நாள் அவர், "நாளைக்கு மேல் இது இங்கே இருக்காது, பெஹன். நிலுவைச் சரக்கோடு தகரக் கொட்டகைக்குப் போய்விடும்" என்றார்.

வரியைக் கட்டிவிட்டால் உடனே எடுத்துக்கொள்ளலாம். வரியும் கிடங்கு வாடகையும் சேர்ந்து எங்கள் வங்கிக் கணக்கில் இருந்ததில் முக்கால் பங்கு. மாதக் கடைசி. வீட்டில் இருந்ததும், அலுவலகத்தில் கைமாற்று கேட்டதும் சேர்ந்து பாதிகூடத் தேறவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க மூன்று நாள் ஆகும் என்று என் கணவர் விசாரித்துவிட்டு வந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த முறை வரிசையில் முதல் பெயர் உமா. அவளுக்கு ஊசி போட வேண்டிய நாள் கடந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் இருமத் தொடங்கியிருந்தாள்.

"இன்னைக்கு பேங்குக்குப் போறேன்" என்றேன் கணவரிடம்.

"ஒருத்தி கையெழுத்துக்குப் பணம் தரமாட்டானே."

காசோலைப் புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "அடுத்தவன் தப்பப் பிடிச்சுச் சம்பளம் வாங்குத நீ. பாத்துக்கோ" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "நான் வேணும்னா கூட வாரேன்" என்றார். வேண்டாம் என்றேன்.

வங்கியில், சுவரோரம் இருந்த சாய்வு மேஜையில் வைத்து என் கையெழுத்தைப் போட்டேன். பிறகு பிம்லா ஜியின் கையெழுத்தைப் போட்டேன். மாதம் நூறு கையெழுத்துகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவள் நான். அவர் எந்த இடத்தில் பேனாவை அழுத்துவார், ஹிந்தி எழுத்துகளை முடித்தபின் அவற்றின் மேல்கோட்டை எப்படி ஒரே இழுப்பில் போடுவார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. டில்லிக்கு வந்து நான் எழுதிய ஹிந்தியிலேயே பிழையில்லாதது அந்த ஒரு வரிதான்.

சாயங்காலம் பெட்டி கைக்கு வந்தது. டாக்டர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்பது கலங்கியிருந்தன, அவற்றைத் தனியே வைத்துவிட்டார். இருபத்தொன்று தேறின. உமாவுக்கு அன்றே போட்டார்கள். அந்த வாரத்திற்குள் எட்டுக் குழந்தைகளுக்கும் போட்டாகிவிட்டது, குமாருக்கும் சேர்த்து. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டது நடந்திருந்தால் நான் இதை வேறுவிதமாக நினைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. எல்லாம் நல்லபடியாக முடிந்ததுதான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

5

பிம்லா ஜி திரும்பி வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "மீட்டிங்கில் சொல்லுங்கள், கோமதி ஜி" என்றார். டீயும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம். குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் கால் மடங்கி உட்கார்ந்திருந்தோம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். குப்தா ஜி என்ற தகப்பனார், மருந்துக் கடை வைத்திருப்பவர், கையை வீசினார். "மருந்து வந்தது, குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விடுங்கள். நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்." இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது.

செல்லம்மாள் என் முழங்கையைத் தொட்டாள். நான் அவளுக்காக எல்லாவற்றையும் தமிழில் சொல்லியிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மொத ஊசி உமாவுக்குன்னு இல்லாம எங் குமாருக்குன்னு இருந்திருந்தா, அந்தக் கையெழுத்தப் போட்டிருப்பீங்களா?"

"க்யா கஹ் ரஹீ ஹை?" என்று கேட்டார் பிம்லா ஜி. என்ன சொல்கிறாள் என்று.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நன்றி சொல்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு கணம் அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்ததும் உண்மை. செல்லம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன். பாதி இடத்தில் ஆண்பாலும் பெண்பாலும் மாறிப்போயின. யாரும் சிரிக்கவில்லை.

"ஔர் ஆப்கா ஜவாப்?" என்றார் பிம்லா ஜி.

அவர் கேட்ட பதிலை முதலில் தமிழில் சொன்னேன். "போட்டிருக்க மாட்டேன், செல்லம்மா. பிம்லா ஜிக்கு, 'நீங்க வாரவரைக்கும் காத்திருக்கோம்'னு இன்னொரு தந்தி அடிச்சிருப்பேன். ஐஸ் கொண்டுபோயிருப்பேன். கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்." பிறகு அதை ஹிந்தியில் சொன்னேன்.

செல்லம்மாள் தலையசைத்தாள். "தெரியுங்க்கா. நீங்க வாயால சொல்லணும்னுதான் கேட்டேன்."

வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன் எடுத்து அந்தப் பணம் முழுவதையும் சங்கத்தில் கட்டிவிடுகிறேன் என்றேன். பிம்லா ஜி ஒத்துக்கொள்ளவில்லை. "பணத்தைப் போட்டால் கணக்கு நேராகிவிடும். விஷயம் நேராகாது" என்றார். அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

பொருளாளர் பொறுப்பு குப்தா ஜிக்குப் போயிற்று. என் கையெழுத்துக்குப் பதிலாக யாருடையது என்ற பேச்சு வந்தபோது பிம்லா ஜி செல்லம்மாளைக் காட்டினார். ஊரைவிட்டுப் போகாதவள், கூட்டத்துக்குத் தவறாதவள். கைநாட்டு வேண்டாம், அவளுக்குத் தமிழில் பெயர் எழுதத் தெரியும் என்றேன். "நல்லதாகப் போயிற்று, நம்மில் யாராலும் அதைப் போட முடியாது" என்றார் குப்தா ஜி. "கோமதி ஜியைத் தவிர" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அன்றைய கூட்டத்தில் அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

6

வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையில் அவள் பெயரை எழுதியபோது, இது என்ன பாஷை, தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்று அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று உறுதிசொன்னேன். சங்கத்தில் எனக்கு அதன்பின் இருந்த வேலை அதுதான்: காசோலையில் என்ன எழுதியிருக்கிறது, எதற்காக என்று செல்லம்மாளுக்குப் படித்துச் சொல்வது.

வரிவிலக்குச் சான்றிதழ், நான் வரி கட்டி எட்டு நாள் கழித்து வந்தது. கட்டிய வரியைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்தோம். கோப்பு எண் மட்டும் இன்றுவரை எங்களிடம் இருக்கிறது.

முக்கால்வாசிப் பணம் போன சங்கம் அடுத்த மாதங்களைத் தள்ள முடியாமல் திணறியது. பெரிய பிள்ளைகள் சிலருக்கு ஒரு தடவைக்கு இரண்டு குப்பி வேண்டியிருந்ததால், வந்த குப்பிகள் இரண்டாம் சுற்றில் தீர்ந்துபோயின. ஆகஸ்டில் கையில் இருந்த பணத்துக்கு ஐந்து குழந்தைகளுக்குத்தான் மருந்து வாங்க முடிந்தது. மற்ற மூவரும் அடுத்த சந்தா சேரும்வரை பொறுக்க வேண்டும். குப்தா ஜி காசோலையை எழுதி, பிம்லா ஜியின் கையெழுத்தோடு என்னிடம் கொடுத்தனுப்பினார்.

முனிர்காவில் அவர்கள் அறை மாடிப்படிக்குக் கீழே. கதவைத் திறந்தால் கட்டில். கட்டில்மேல் குமார் ஒரு காலி சிமெண்ட் பையில் கரியால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். மூக்கு ஒழுகியது. செல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"யார் யாருக்குங்க்கா?"

படித்தேன். முதல் பெயர் உமா. இரண்டாவது பிம்லா ஜியின் மகன். மற்ற மூன்றையும் படித்தேன்.

"அஞ்சுதானா?"

"அஞ்சுதான்."

"குமாரு?"

"ஆறாவது."

உமாவின் முறையைக் குமாருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸில் வரும்போதே அந்த வாக்கியத்தைத் தயார்செய்துகொண்டுதான் வந்திருந்தேன். சொல்லவில்லை. உமாவுக்கு அன்று காய்ச்சல்கூட இல்லை.

செல்லம்மாள் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். குமாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக, விட்டு விட்டு. 'ள்'ளுக்குப் புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த தபா மொதல்ல வெச்சிருங்க" என்றாள்.

அந்த மூன்று வாரமும் நான் தினமும் அலுவலகம் விட்டதும் முனிர்கா பஸ்ஸில் ஏறினேன். உமா பள்ளியிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் காத்திருப்பாள். நான் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து குமாரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் சுட்டது. நான் கைப்பையில் கொண்டுபோயிருந்த தெர்மாமீட்டரைச் செல்லம்மாள் வாங்கி, உதறி, அவன் கக்கத்தில் வைத்தாள். நூறுக்கு மேல் போகவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது. ஒருநாளும் அவள் என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒருநாளும் நான் வர வேண்டாம் என்று அவள் சொல்லவும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் மருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் காலைப் பிடித்துக்கொள்ள என்னையும் உள்ளே கூப்பிட்டாள். அவன் என் கையைக் கடித்துவிட்டான். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மணி பதினொன்று.

"ஆபீஸ் போகலியாக்கா?" என்று கேட்டாள் செல்லம்மாள்.

"போகணும்" என்றேன். அவள் குமாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். நான் அவள் பின்னாலேயே நடந்தேன்.